சோயா கேப்சூலும் என் தைராய்டு மாத்திரையும்

திருச்சி, 52 வயது

மாதவிடாய் நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. நின்றது நிம்மதிதான். அதன் பின்னால் வந்த சூடுதான் ஆளைப் படுத்தியது. மார்பிலிருந்து கிளம்பி கழுத்து, காது, உச்சந்தலை என்று குப்பென்று ஏறும். இரண்டு நிமிடத்தில் ஜாக்கெட் நனைந்துவிடும், அப்புறம் குளிரும். எனக்கு வங்கியில் கேஷ் கவுன்டர் வேலை. நோட்டு எண்ணும்போது வந்துவிட்டால் எண்ணிக்கை விட்டுப்போகும், மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும்.

தெரிந்த மருந்துக்கடையில் சொன்னேன். "ஹார்மோன் மாத்திரையெல்லாம் எதுக்கும்மா, இது செடியிலேருந்து எடுத்தது" என்று ஒரு டப்பா கொடுத்தார்கள். சோயாவிலிருந்து எடுக்கும் ஐசோஃப்ளேவோன் என்ற பொருள், கேப்சூலுக்கு 60 மில்லிகிராம். செடி என்றதும் மனசு சமாதானமாகிவிட்டது. காலை ஐந்தரைக்கு வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போடுவது பல வருடப் பழக்கம். மறந்துவிடாமல் இருக்க இதையும் அதோடு சேர்த்தே விழுங்கினேன்.

சமையலறை காலண்டரில் ஒவ்வொரு நாளும் எத்தனை தடவை சூடு வந்தது என்று கோடு போட்டு வைத்தேன். பத்தாக இருந்தது இரண்டு மாதத்தில் ஆறு, ஏழு என்று இறங்கியது. சந்தோஷப்பட்டேன். ஆனால் முடி கொட்டியது, மலச்சிக்கல், மாடிப்படி ஏறினால் கால் கனத்தது. எல்லாவற்றையும் மெனோபாஸ் கணக்கிலேயே எழுதினேன்.

வழக்கமான ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் (தைராய்டு குறைந்தால் ஏறும் அளவு) 11. போன முறை 2.8. "புதுசா ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று டாக்டர் கேட்டார். "இல்லை டாக்டர்" என்றேன். பொய் சொல்லவில்லை. என் கணக்கில் அது மாத்திரையே இல்லை! அவர் தைராய்டு மாத்திரையின் அளவைக் கூட்டினார். அடுத்த முறை, வீட்டில் இருக்கும் டப்பாக்களையெல்லாம் பையில் போட்டு எடுத்து வரச் சொன்னார். சோயா டப்பாவைக் கையில் எடுத்ததும், "இதை எப்போ போடுறீங்க?" என்றார். சொன்னேன். தலையில் கைவைத்துக்கொண்டார்.

சோயா, குடலில் தைராய்டு மருந்து சேர்வதைத் தடுக்குமாம். இரண்டுக்கும் நடுவில் நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டுமாம். சோயாவை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மாற்றினேன். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் டிஎஸ்எச் இறங்கியிருந்தது, மாத்திரை அளவும் பழையபடி ஆனது.

இங்கே யாருக்காவது தைராய்டு இருந்து இதையும் சாப்பிடுகிறீர்களா?

சிங்கப்பூர், 49 வயது

எனக்குத் தைராய்டு இல்லை, ஆனால் சோயா கதை உண்டு. "சோயா சாப்பிடுகிற ஊர்ப் பெண்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது" என்று சென்னையிலிருந்து அத்தை போனில் அடித்துச் சொன்னார். என் பக்கத்து மேசைச் சீனத் தோழி சின்ன வயதிலிருந்து டோஃபுவும் சோயா பாலுமாக வளர்ந்தவள். அவளும் என்னைப்போலவே மின்விசிறிக்குக் கீழே இடம் தேடுகிறாள்.

அப்புறம் படித்ததில் ஒரு விஷயம் புரிந்தது. சோயாவில் இருக்கும் டெய்ட்சீன் என்ற ஐசோஃப்ளேவோனைக் குடல் கிருமிகள் ஈக்வால் என்ற பொருளாக மாற்ற வேண்டும், அதுதான் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் மாதிரி கூடுதலாக வேலை செய்யும் என்கிறார்கள். அந்தக் கிருமி எல்லார் வயிற்றிலும் இல்லை. ஜப்பானியர்களில் பாதிப்பேருக்கு, மேற்கத்தியர்களில் சுமார் கால்வாசிப் பேருக்குத்தான் உண்டாம். அதனால் ஜப்பானில் ஈக்வாலையே மாத்திரையாக விற்கிறார்கள். தோழி ஜப்பானுக்குப் போனபோது வாங்கிவந்தாள், தினம் 10 மில்லிகிராம். மூன்று மாதம் சாப்பிட்டேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அவளுக்குக் குறைந்ததாம். வட அமெரிக்க மெனோபாஸ் மருத்துவர் சங்கம் 2023-இல் வெளியிட்ட அறிக்கையில் சோயா, ஈக்வால், பிளாக் கோஹோஷ் என்ற மூலிகை எதையும் சூட்டுக்குப் பரிந்துரைக்கவில்லை என்று பின்னால்தான் பார்த்தேன்.

திருச்சி அக்கா, பத்து ஆறானது கேப்சூலாலா, தானாகவா?

லண்டன், 55 வயது, சொந்த ஊர் யாழ்ப்பாணம்

நான் செடிக்குப் போய்ச் சிரிப்புக்கு இடமானவள். 2002 ஜூலையில் அமெரிக்காவில் ஹார்மோன் ஆய்வொன்றைப் பாதியில் நிறுத்தினார்களே, மார்பகப் புற்றுநோய் கூடுகிறதென்று, அந்தச் செய்தி அப்போதே மனதில் பதிந்துவிட்டது. ஆகவே குடும்ப வைத்தியர் எஸ்ட்ராடியோல் என்ற ஈஸ்ட்ரோஜன் ஜெல் எழுதித் தந்தபோது வாங்கவே இல்லை. பதிலுக்கு இயற்கைப் பொருள் கடையில் காட்டு வள்ளிக்கிழங்கு கிரீம் வாங்கி நாலு மாதம் பூசினேன். இராத்திரி வேர்வையில் தலையணை உறை மாற்றுவது நிற்கவே இல்லை.

பிறகு மருந்தாளர் ஒருவருடன் ஆறுதலாகக் கதைத்தேன். அந்தக் கிழங்கில் டையோஸ்ஜெனின் என்றொரு பொருள் இருக்கிறது. அதிலிருந்து ஹார்மோன் செய்யலாம், ஆனால் ஆய்வுக்கூடத்தில்தான். ரஸல் மார்க்கர் என்ற வேதியியலாளர் 1940களில் மெக்சிகோவில் அந்த இனக் கிழங்கிலிருந்துதான் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோனைச் செய்தார். எங்கள் உடம்புக்கு அந்த வித்தை தெரியாது. வைத்தியர் தந்த ஜெல்லில் உள்ள எஸ்ட்ராடியோலும் தாவரப் பொருளில் தொடங்கித் தொழிற்சாலையில் மாற்றப்பட்டதுதானாம்! நான் பயந்த 2002 ஆய்வில் கொடுத்ததோ சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன், கூடவே புரோஜெஸ்டிரோன் போல வேலை செய்யும் செயற்கைப் புரோஜெஸ்டின். ஆக, வேண்டாமென்று தள்ளியது செடியில் பிறந்தது. பூசிக்கொண்டது வெறும் கிழங்கு. அம்மா செய்யும் இராசவள்ளிக்கிழங்குக் கஞ்சியும் அதே இனம், ருசியாவது இருந்திருக்கும்.

இப்போது ஜெல்லும், கருப்பை இருப்பதால் இரவில் புரோஜெஸ்டிரோன் கேப்சூலும். ஐந்தாவது வாரத்தில் நித்திரை திரும்பியது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்குக் கணக்கே வேறு, அவர்கள் என்னைப் பார்த்துத் தொடங்க வேண்டாம்.

மதுரை, 58 வயது

சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு வருடம் சோயா கேப்சூல் சாப்பிட்டேன். மாதவிடாய் நின்று ஐந்து வருடத்துக்குப் பிறகு லேசாக உதிரம் பட்டது. "செடி ஈஸ்ட்ரோஜன் வேலை செய்யுது போல" என்று பெருமையாக நினைத்து இரண்டு மாதம் சும்மா இருந்தேன். என் நாத்தனார்தான் திட்டி இழுத்துக்கொண்டு போனார். ஸ்கேன், பயாப்சி எல்லாம் பார்த்தார்கள். பாலிப், சாதாரணக் கட்டி. முடிவு வரும்வரை அந்த எட்டு நாள் நான் தூங்கவில்லை. நின்ற பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் உடனே காட்டுங்கள், காரணத்தை நீங்களே கண்டுபிடிக்காதீர்கள்.

மறுபடி திருச்சி

சிங்கப்பூர் தங்கச்சி கேட்டதையே நானும் டாக்டரிடம் கேட்டேன். மருந்தே இல்லாத வெறும் இனிப்பு மாத்திரை கொடுத்தாலும் பலருக்குச் சூடு குறையும் என்றார். அமெரிக்காவில் 188 பெண்களை வைத்து ஆளிவிதையைச் சோதித்திருக்கிறார்கள். விதை சாப்பிட்டவர்களிலும் சாப்பிடாதவர்களிலும் ஒரேபோல மூன்றில் ஒரு பங்குப் பேருக்குச் சூடு பாதியாகக் குறைந்ததாம். இத்தனைக்கும் நான் இட்லிக்கு ஆளிவிதைப் பொடியும் தொட்டுக்கொண்டிருந்தேன். அதை விடவில்லை, வயிற்றுக்கு நன்றாக இருக்கிறது.

கேப்சூலை நிறுத்தி ஏழு வாரம் ஆகிறது. காலண்டரில் கோடு இன்னும் ஆறு, ஏழுதான். காலி டப்பாவை எறியப்போனபோதுதான் பின்பக்கம் பார்த்தேன், மருந்தாகப் பயன்படுத்த அல்ல என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. கண்ணாடி போட்டுத்தான் படிக்க முடிந்தது.