ஹால் மூலைக்கு எந்தச் செடி வைக்கலாம்?

எல்லாருக்கும் வணக்கம். தேவையில்லாத சாமான்களை எடுத்துவிட்டு ஹாலை எளிமையாக்கி வருகிறோம். ஒரு சோபா, ஒரு விளக்கு, மூலையில் தரையில் ஒரு பெரிய தொட்டிச்செடி, அவ்வளவு போதும்.

சிக்கல் அந்த மூலைதான். நேர் வெயில் எட்டவே எட்டாது. அங்கே உயரத்தில் தொங்கவிட்ட மணி பிளாண்டில் புது இலைகள் சிறுத்து, கணுக்களுக்கு நடுவே இடைவெளி நீள்கிறது. வெளிச்சம் போதாததுதான் காரணம். மேல்மண் காய்ந்ததா என்று விரல்விட்டுப் பார்த்துத்தான் தண்ணீர் ஊற்றுகிறேன்.

ஸ்நேக் பிளாண்ட், ஸீஸீ பிளாண்ட் இரண்டும் மங்கலான வெளிச்சம் தாங்கும். ஆனால் வீட்டில் பூனை இருக்கிறது, கடித்தால் அதற்கு ஆகாது. பூனைக்குப் பாதகமில்லாத ஆஸ்பிடிஸ்ட்ரா, பார்லர் பாம் செடிகளை இதுபோன்ற மூலையில் வளர்த்தவர்கள் இருக்கிறீர்களா? எது நன்றாக வந்தது? குரோ லைட் (செடி வளர உதவும் விளக்கு) தேவைப்பட்டதா? முடிந்தால் படமும் போடுங்களேன்.