கோடையில் குருவிச்சை மட்டும் வாடாதது ஏன்?

பாலைநிழல், மாங்குளம்
போன சோளகக் காற்றுக் காலத்தில் பார்த்தது இன்னும் மனதை அரிக்கிறது. கிணறு அடி தெரிய வற்றிவிட்டது. வளவின் கறுத்தக்கொழும்பான் மாமரம் மத்தியானத்தில் இலை தொங்கி நின்றது. மேற்கொப்பில் ஒட்டுண்ணியாக இருந்த குருவிச்சைச் செடி மட்டும் நேற்று மழை பெய்ததுபோல் தளதளவென்று இருந்தது. ஏறிப் பார்த்தேன். அது பிடித்திருந்த முண்டுக்கு அப்பால் கொப்பின் நுனி விறகு, இப்பால் பச்சை. ஒரே கொப்பு! மரத்தின் சாப்பாட்டை இப்படியா தின்னும்? வேறு யாரும் பார்த்தீர்களா?

முதிரை, நெடுங்கேணி
சாப்பாடு என்று சொல்லாதீர்கள், தம்பி. அதன் இலை பச்சை. மாச்சத்தைப் பெரும்பாலும் அதுவே செய்துகொள்கிறது. மரத்திடம் எடுப்பது தண்ணீரும் அதில் கரைந்த உப்புகளும். மரத்தின் இலையைவிடப் பலமாக இழுத்தால்தான் நீர் அதன் பக்கம் திரும்பும். அதற்காக இலைத்துளைகளைத் திறந்தே வைத்து ஆவியாக்கித் தள்ளுகிறது. வறட்சியில் மா துளைகளை மூடிச் சிக்கனம் பார்க்கிறது, இது ஊதாரி. மரச்சாற்றில் நைதரசன் மிகக் குறைவு, போதியதைச் சேர்க்கவே இவ்வளவு குடிக்கிறது என்று எலரிஞ்சர் முதலான ஆய்வாளர்கள் 1985இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். எங்கள் வளவு விளாத்தியிலும் நுனி இப்படித்தான் பட்டது.

வேம்படி, ஒட்டுசுட்டான்
எங்கள் வேம்பில் இருந்ததை அப்பா கத்தியால் செதுக்கி எறிந்தார். மாரி முடிய அதே கொப்பில் மறுபடி துளிர்.
ஆகவே கேளுங்கள். செடியை மட்டும் பிடுங்கிப் பயனில்லை. நம் மாவிலும் வேம்பிலும் வருகிற இனம் பட்டைமேல் வேர் ஓடவிட்டு, போகிற வழியெல்லாம் மரத்துக்குள் இறங்கும். முண்டுக்குக் கீழே ஒரு முழமாவது விட்டுக் கொப்போடு அறுக்க வேண்டும். பழம் பழுக்கமுன் அறுங்கள். பூக்கொத்திக் குருவி பழத்தைத் தின்று, பிசின் ஒட்டிய விதையை அடுத்த கொப்பில் தேய்த்துவிட்டுப் போகும். அடிமரத்திலேயே பிடித்துவிட்டால் அறுக்க வழியில்லை, அவ்வப்போது தழையைக் கழித்துக் குடியைக் குறைக்கலாம். அறுத்த வாளைத் துடைத்து வையுங்கள், துரு ஏறும்.

கடற்கரையாள், முல்லைத்தீவு
வாளுக்குத் துரு ஏறுவதையும் சொல்லிவிட்டீர்களே அண்ணா! காட்டு மரத்தில் இருப்பதை விட்டுவிடுங்கள், பூக்கொத்திக்கு அதுதான் இரை.

பாலைநிழல், மாங்குளம்
நான் வெட்டும் முறை கேட்கவில்லை. முதிரை அண்ணாவிடம் ஒன்று: துளை திறந்தே இருக்கும் என்றால் இரவிலுமா குடிக்கும்?

முதிரை, நெடுங்கேணி
சில இனங்கள் இரவிலும் முழுதாக மூடுவதில்லை என்று அளந்திருக்கிறார்கள். நீங்கள் விடியமுன் போய் மாவிலையைப் பாருங்கள். நிமிர்ந்திருந்தால் வேருக்கு இன்னும் ஈரம் எட்டுகிறது. அப்போதும் தொங்கினால் கொப்பை அறுக்க வேம்படியாரைக் கூப்பிடுங்கள்.