அடைப்பு இல்லை, ஆனா உள்சுவர் சரியில்லையாம்!

பலசரக்குக்கடை46:
அண்ணாச்சிமாரே, டவுண்ல கடை வச்சிருக்கேன். சுகர் 11 வருசம், பீடியும் உண்டு. கையில பட்டையை 5 நிமிசம் இறுக்கி, அவுத்துவிட்டு ஸ்கேன் பாத்தாவ. கை மரத்தே போச்சு. "அடைப்பு இல்ல, ரத்தக்குழாயோட உள்சுவர்தான் வேல செய்யல"ங்காரு டாக்டர். அடைப்பே இல்லைன்னா என்னவே கோளாறு?

ரிட்டையர்டு_லேப்:
அந்த உள்சுவர், எண்டோதீலியம், ஒத்தை செல் கனம்தான் வே. பட்டையை விட்டதும் ரத்தம் பாயும்லா? அப்ப அது நைட்ரிக் ஆக்சைடு விட்டு குழாயைத் தளர்த்தி விரிக்கணும். இந்த வாயு சங்கதிக்கு 1998ல 3 பேருக்கு நோபலே குடுத்தாவ. பீடிப்புகை, சுகர், பிரஷர், கெட்ட கொழுப்பு எல்லாம் அந்த வாயுவைக் கொறச்சிரும். கன்னடியன் கால்வாய்ல தண்ணி வந்தும் மடை துருப்பிடிச்சுக் கெடந்தா எப்படி? அந்தக் கததான். அடைப்பு பின்னால வரும், இது முன்னாலயே ஆரம்பிச்சிரும்.

பாளை_அக்கா:
எங்க வீட்டுக்காரருக்கும் இதே. பீடியை விட்டாச்சு, காலையில வ.உ.சி. மைதானத்துல நடை. திரும்பி வரயில அல்வா வாங்குததுதான் இன்னும் நிக்கல.

பலசரக்குக்கடை46:
அப்ப சரியாகுமா?

ரிட்டையர்டு_லேப்:
பீடியை விட்டு, நடந்து, சுகரைப் பிடிச்சு வச்சா நல்லாவே தேறும். மாத்திரையை நீரா நிறுத்திராதீரும்.