உதவி: உப்புக்கரிக்கும் போர் தண்ணீரில் ஈயம் – ஸ்பைக் ரெக்கவரி 58%ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது

கடற்கரை லேப்
திருவான்மியூரிலிருந்து ஈஞ்சம்பாக்கம் வரை கடலோரமாக எடுத்த போர் தண்ணீரில் ஈயம் பார்க்கிறோம். கிராஃபைட் ஃபர்னஸ் ஏஏஎஸ் (துளியைக் கிராஃபைட் குழாயில் சூடாக்கி, ஈய அணுக்கள் உறிஞ்சும் ஒளியை அளக்கும் கருவி), 283.3 நானோமீட்டர், ட்யூட்டீரியம் பேக்கிரவுண்ட் கரெக்‌ஷன். அதாவது உப்பு ஆவி போன்றவை மறைக்கும் ஒளியை ட்யூட்டீரியம் லேம்ப் வைத்துக் கழிக்கிறோம்; காந்தப்புலம் வைத்துக் கழிக்கும் ஜீமன் முறை கிடையாது. பிளாட்ஃபார்ம் உள்ள ட்யூப், 20 மைக்ரோலிட்டர் இன்ஜெக்‌ஷன், 0.2% நைட்ரிக் அமிலம், மாடிஃபையர் (சூட்டில் ஈயம் பறக்காமல் பிடித்துவைக்கும் சேர்மானம்) இல்லை. 110 டிகிரியில் 30 விநாடி, 700ல் 20 விநாடி ஆஷிங் (ஈயத்தை விட்டு மற்றதை விரட்டுவது), 2000ல் அட்டமைசேஷன் (ஈயத்தை அணுக்களாகப் பிரிப்பது). பீக் ஹைட் (சிக்னல் உச்சத்தின் உயரம்) வைத்துக் கணக்கு.

கேலிபரேஷன் 5, 10, 20, 40 மைக்ரோகிராம்/லி.; ஆர்-ஸ்கொயர் 0.9992. மெட்ரோ வாட்டரில் 10 மைக்ரோகிராம் ஸ்பைக் போட்டால், அதாவது தெரிந்த அளவு ஈயத்தை நாமே சேர்த்து அளந்தால், 97% திரும்பக் கிடைக்கிறது (இதுதான் ரெக்கவரி). என்ஐஎஸ்டி 1643 வரிசை ரெஃபரன்ஸ் தண்ணீரும் (அமெரிக்கத் தர நிறுவனம் ஈய அளவைச் சான்றளித்துத் தருவது) சரியாக வருகிறது. குளோரைடு 1,200 மி.கி./லி. உள்ள சாம்பிளில் மட்டும் 58%.

அந்தச் சாம்பிளின் ரீடிங் 6.4 மைக்ரோகிராம்/லி. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500:2012ல் ஈய வரம்பு 0.01 மி.கி./லி., அதாவது 10 மைக்ரோகிராம். 6.4ஐ 0.58ஆல் வகுத்தால் 11. பாஸா ஃபெயிலா? இப்படி வகுத்து ரிப்போர்ட் கொடுக்கலாமா?

சுட்டகுழாய்
வகுக்காதீர்கள் சார். அந்த 42% எங்கே போனது என்று தெரியாமல் வகுத்தால் அது வெறும் ஊகம்தான்.

முதலில் குழாய்க்குள் என்ன போகிறது என்று பாருங்கள். 1,200 மி.கி. குளோரைடு என்றால் லிட்டருக்கு ஏறக்குறைய 2 கிராம் உப்பு. 20 மைக்ரோலிட்டரில் 40 மைக்ரோகிராம். அதே துளியில் ஈயம், 10 மைக்ரோகிராம்/லி. என்றே வைத்தாலும், 0.2 நானோகிராம். ஈயத்தைப்போல் இரண்டு லட்சம் மடங்கு உப்பு.

ஈயக் குளோரைடின் கொதிநிலையே 950 டிகிரிதான். இத்தனை நுண்ணிய அளவில் அதற்கு வெகு முன்பே ஆவியாகக் கிளம்பிவிடும். சோடியம் குளோரைடுக்கோ உருகுநிலையே 801. ஆக உங்கள் 700 டிகிரி ஆஷிங்கில் போக வேண்டிய உப்பு குழாயிலேயே இருக்கிறது, இருக்க வேண்டிய ஈயம் ஆர்கானோடு வெளியே போகிறது. மிச்ச ஈயமும் 2000ல் உப்பு ஆவியோடு சேர்ந்தே எழும்புவதால் ஒரு பகுதி குளோரைடாகக் கட்டுண்டு, அணுவாகப் பிரியாமலே கழிந்துவிடுகிறது.

1643 சரியாக வருவதில் வியப்பில்லை. அது நன்னீர். உப்புத் தண்ணீருக்கு அதைச் சாட்சியாகக் கூப்பிட முடியாது.

ஒரு சோதனை: சாம்பிளில் 50 மைக்ரோகிராம் ஸ்பைக் போட்டு, பிறகு ஐந்து மடங்கு நீர்க்கச் செய்து ஓட்டுங்கள். ஸ்பைக் 10ஆகவும் குளோரைடு 240ஆகவும் இறங்கும். ரெக்கவரி 90ஐத் தாண்டினால் குற்றவாளி உப்புதான். பேக்கிரவுண்ட் கிராஃபையும் போடுங்கள்.

ஆர்கான் சிலிண்டர்
மேலே சொன்னதோடு ஒன்று: பீக் ஹைட்டை விட்டு பீக் ஏரியாவுக்கு மாறுங்கள். உப்பு இருந்தால் பீக் தாமதமாக, அகலமாக வரும்; உயரம் குறையும், பரப்பு அவ்வளவாகக் குறையாது. 58ல் சில புள்ளிகள் இதிலேயே மீளலாம்.

கடற்கரை லேப்
நீர்க்கச் செய்ததில் 93%. பேக்கிரவுண்ட் உச்சம் 1.3 அப்சார்பன்ஸ், ஈயப் பீக் முடிந்ததும் கோடு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி ஏறுகிறது. அப்படியானால் எல்லாவற்றையும் ஐந்து மடங்கு நீர்க்கச் செய்தே ஓட்டலாமா? இல்லை, ஸ்டாண்டர்ட் அடிஷன் (சாம்பிளிலேயே படிப்படியாக ஈயம் சேர்த்து, அந்தக் கோட்டிலிருந்து விடை காண்பது) போதுமா?

சுட்டகுழாய்
நீர்க்கச் செய்தால் 10 மைக்ரோகிராம் 2 ஆகிவிடும். வரம்பு அருகே தீர்ப்பு சொல்ல வேண்டிய இடத்தில் சிக்னலை இரைச்சலுக்குள் தள்ளுவது சரியில்லை. அதை ஈடுகட்ட ஐந்து முறை இன்ஜெக்ட் செய்வார்கள் சிலர். கழித்த உப்பைத் திரும்பக் கொண்டுவந்து கொட்டுவதுதான் அது.

ஸ்டாண்டர்ட் அடிஷன் கோட்டின் சரிவை (ஸ்லோப்) மட்டும் திருத்தும். ஈயம் ஒரே விகிதத்தில் குறைந்தால் பிடித்துவிடும். பேக்கிரவுண்ட் தவறாகக் கழிபட்டால் எல்லாப் புள்ளியும் ஒரே அளவு ஏறும் அல்லது இறங்கும். கோடு அழகாக நேராக இருக்கும், விடை மட்டும் தப்பு. நீங்கள் சொன்ன பள்ளம் அதற்கான அறிகுறி. 1.3 அளவு பேக்கிரவுண்டை, அதுவும் வேகமாக எழும்பி விழுவதை, ட்யூட்டீரியம் லேம்ப் நம்பும்படி கழிக்காது. ஈயத்தின் இன்னொரு கோடான 217.0 நானோமீட்டருக்கு மாறும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், அங்கே பேக்கிரவுண்ட் இன்னும் மோசம்.

வழி மாடிஃபையர்தான். ஒரு இன்ஜெக்‌ஷனுக்கு 5 மைக்ரோகிராம் பல்லேடியம், 3 மைக்ரோகிராம் மெக்னீசியம் நைட்ரேட். பல்லேடியம் 1,000 மி.கி./லி., மெக்னீசியம் நைட்ரேட் 600 மி.கி./லி. கொண்ட கலவையில் 5 மைக்ரோலிட்டர் எடுத்தால் கணக்கு சரியாக வரும். பல்லேடியம் ஈயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆஷிங்கை உப்பு கிளம்பும் அளவுக்கு ஏற்றலாம்.

புரோகிராம்: 110ல் 30 விநாடி, 130ல் 30 விநாடி (உப்புத் துளி அவசரப்பட்டால் தெறிக்கும், அதனால்தான் இரண்டு படி), 900க்கு 15 விநாடியில் ஏற்றி 25 விநாடி, ஆர்கானை நிறுத்தி 1900ல் 5 விநாடி, கடைசியில் 2450ல் 3 விநாடி சுத்தம். 900ஐ வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்பைக் போட்ட உங்கள் சாம்பிளையே 600லிருந்து 1100 வரை நூறு நூறாக ஏற்றி, ஈய ஏரியாவையும் பேக்கிரவுண்டையும் ஒரே தாளில் வரையுங்கள். பேக்கிரவுண்ட் விழுந்த பிறகும் ஈயம் விழாமல் இருக்கும் இடைவெளி எங்கேயோ, அங்கே நில்லுங்கள். சுத்தமான ஸ்டாண்டர்டில் வரைந்த ஆஷிங் வளைவு இதற்கு உதவாது.

நீராவி
இடையில் ஒரு கேள்வி: ஃபர்னஸைக் குளிர்விக்கும் சில்லர் எத்தனை டிகிரியில் ஓடுகிறது? 18 என்றால், இரவில் ஏசி அணைத்த அறையில் சென்னைக் காற்று ஃபர்னஸ் ஜன்னல் கண்ணாடியில் வியர்த்து நிற்கும். காலையில் முதல் பத்து ஃபயரிங் பேஸ்லைன் அலைவதற்கு அதுவே போதும். ஏசி போட்டு ஒரு மணி நேரம் கழித்துச் சில்லரைப் போடுங்கள். மெஷின் கையேடு அனுமதித்தால் 25 பக்கம் ஏற்றிவிடுங்கள்.

கடற்கரை லேப்
நன்றி. 950ல் நின்றோம். ரெக்கவரி 91%, பேக்கிரவுண்ட் 0.3, பள்ளம் காணோம். ஆனால் பிளாங்க் (ஈயம் சேர்க்காத வெற்றுக் கரைசலின் சிக்னல்) 0.002லிருந்து 0.014 ஆகிவிட்டது. மாடிஃபையர் நாங்களே கலந்தது: பல்லேடியம் குளோரைடு உப்பு, கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஏஆர் (அனலிட்டிகல் ரியேஜென்ட்) கிரேடு மெக்னீசியம் நைட்ரேட்.

ஆர்கான் சிலிண்டர்
குளோரைடை விரட்டப் போட்ட மருந்திலேயே குளோரைடா! பல்லேடியம் நைட்ரேட் கரைசலாக, ஏஏஎஸ் மாடிஃபையர் என்றே விற்பதை வாங்குங்கள்.

பிளாங்குக்கு: மாடிஃபையரை மட்டும் 5, 10, 15 மைக்ரோலிட்டர் என்று ஓட்டுங்கள். சிக்னல் அதே விகிதத்தில் ஏறினால் அழுக்கு மாடிஃபையரில். உங்கள் ஏஆர் மெக்னீசியம் நைட்ரேட்மேல்தான் எனக்குச் சந்தேகம். ஏறாமல் ஒரே அளவில் நின்றால் கப், ஆட்டோசாம்ப்ளர் முனை, ரின்ஸ் தண்ணீர் ஆகியவற்றைப் பாருங்கள். கப்புகளை 10% நைட்ரிக் அமிலத்தில் இரவு முழுக்க ஊறவைத்து, அலசி, மூடிவைத்துக் காய விடுங்கள். ஜன்னலோரம் கவிழ்த்து வைத்தால் தெருத்தூசிக்கும் சேர்த்து அனாலிசிஸ் செய்ய வேண்டியிருக்கும்.

கேள்விக்குறி
ஐசிபி-எம்எஸ்ஸுக்கு (பிளாஸ்மாவில் அயனியாக்கி, நிறை வாரியாக எண்ணும் கருவி) அனுப்பினால் இந்தத் தலைவலியே இல்லையே?

சுட்டகுழாய்
ஈயத்துக்குச் சரி. பத்து மடங்கு நீர்த்து, ஈயத்தின் 206, 207, 208 ஐசோடோப்புகள் மூன்றையும் கூட்டிக் கணக்கிட்டால் குளோரைடு தொல்லை கிடையாது. அதே சாம்பிளில் ஆர்சனிக் கேட்டால் கதை வேறு: ஆர்கான் 40ம் குளோரின் 35ம் சேர்ந்து நிறை 75ல் வந்து உட்காரும், ஆர்சனிக்கும் 75தான். கொலிஷன் செல் (இப்படிச் சேர்ந்த அயனிகளை வடிகட்டும் அறை) இல்லாமல் அந்த எண்ணை நம்பக் கூடாது.

கடற்கரை லேப்
மாடிஃபையர் மாற்றியாயிற்று. பிளாங்க் 0.003, ரெக்கவரி 96%, மூன்று தடவை ஓட்டிய சராசரி 10.4. வரம்பு 10. என்ன எழுதுவது?

சுட்டகுழாய்
10.4ஐ உங்கள் அளவீட்டு நிச்சயமின்மையோடு எழுதுங்கள். ஐந்து சதவீதம் என்றாலே வரம்பு அதற்குள் வந்துவிடும். ஃபெயில் என்று ஒற்றைச் சொல்லில் அடிக்க இந்த ஒரு சாம்பிள் போதாது.

திரும்ப எடுங்கள். அமிலம் லிட்டருக்கு 1.5 மி.லி. அடர் நைட்ரிக் போடுவது வழக்கம். ஆல்கலினிட்டி (அமிலத்தை முறிக்கும் தன்மை) லிட்டருக்கு 700 மி.கி.ஐ ஒட்டியிருந்தால் அது பத்தாது, பிஎச் 2க்குக் கீழே இறங்கியதா என்று தாளில் பார்த்துவிட்டு மூடுங்கள். அமிலம் போட்டு 16 மணி நேரமாவது வைத்த பிறகே ஓட்டுங்கள், பாட்டில் சுவரில் ஒட்டிய ஈயம் கரைந்து வரும்.

முக்கியமாக, ஒரே குழாயில் இரண்டு பாட்டில். காலையில் திறந்ததும் பிடித்தது ஒன்று, ஐந்து நிமிஷம் ஓடவிட்டுப் பிடித்தது ஒன்று. முதலாவது 10, இரண்டாவது 3 என்று வந்தால் ஈயத்தின் பெரும்பகுதி நிலத்தடி நீரில் இல்லை. பழைய பிவிசி பைப்பிலோ பித்தளைக் குழாயிலோ இருக்கிறது.