காஸ்மிக் கான்ஃப்ளிக்ட்: 'விண்மண் வழக்கு' சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கிறித்தவ இறையியலில் கடவுளுக்கும் சாத்தானுக்கும் இடையே நடக்கும் மோதலைக் குறிக்கும் காஸ்மிக் கான்ஃப்ளிக்ட் என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் இந்த இழையில் இதுவரை நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன: பிரபஞ்சப் போர், அண்டப் போர், தேவாசுரப் போர், நன்மை தீமைப் போராட்டம். நான்கிலும் எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரபஞ்சம் என்ற சொல்லுக்குத் தமிழ்க் கிறித்தவர்களிடையே ஏற்கெனவே ஒரு பொருள் படிந்துவிட்டது. ரோமர் 12:2-ல் "இந்தப் பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷந்தரியாமல்" என்று படித்து வளர்ந்தவருக்குப் பிரபஞ்சம் என்றால் இவ்வுலகப் போக்கு, விசுவாசி விலகி நிற்க வேண்டிய ஒன்று. அவரிடம் பிரபஞ்சப் போர் என்றால் உலக ஆசைகளோடு நடக்கும் மல்லுக்கட்டு என்றுதான் எடுத்துக்கொள்வார். அண்டப் போர் என்றாலோ விண்கலங்கள் மோதும் கதைதான் நினைவுக்கு வரும், அதை விட்டுவிடலாம்.

தேவாசுரப் போர் கேட்டவுடன் புரியும், மறுக்கவில்லை. ஆனால் புராணத்தில் தேவரும் அசுரரும் காசிப முனிவருக்கே பிறந்த பங்காளிகள், ஒரு சமயம் இவர்கள் கை ஓங்கும், இன்னொரு சமயம் அவர்கள் கை ஓங்கும். கிறித்தவத்தில் சாத்தான் படைக்கப்பட்டவன், படைத்தவருக்குச் சமமாக ஒரு நாளும் நின்றதில்லை. நன்மை தீமைப் போராட்டம் என்பதிலும் இதே கோளாறு இன்னும் நுட்பமாக இருக்கிறது. ஒளி ஒன்று, இருள் ஒன்று, இரண்டும் ஆதியிலிருந்தே எதிரெதிராக இருக்கின்றன என்பது பழைய பாரசீகத்தில் தனிச் சமயம் கண்ட மானியின் போதனை. கிறித்தவ இறையியலாளர் அகஸ்டின் ஏறக்குறைய ஒன்பது வருடம் அதில் இருந்துவிட்டு வெளியே வந்தவர். தீமைக்குத் தனி இருப்பே கிடையாது, அது நன்மையின் குறைவு என்று அப்புறம் அவர் வாதாடினார். அவர் இவ்வளவு பாடுபட்டு மறுத்ததை நாம் ஒரு கலைச்சொல்லால் திரும்பக் கொண்டுவந்துவிடக் கூடாது.

இனிப் போர் என்ற பகுதிக்கு வருகிறேன், என் முக்கியமான மறுப்பு அதில்தான். வெளிப்படுத்தின விசேஷம் 12:7-ல் "வானத்திலே யுத்தமுண்டாயிற்று" என்று நேராகவே இருக்கிறது, சரி. ஆனால் அதே அதிகாரத்தில் மூன்று வசனம் தள்ளிப் பாருங்கள், வானத்திலிருந்து தள்ளப்பட்ட சாத்தானுக்கு அங்கே கிடைக்கும் பட்டம் இரவும் பகலும் குற்றஞ்சாட்டுகிறவன் என்பது. எபிரேயத்தில் சாத்தான் என்ற சொல்லுக்கே எதிராளி என்றுதான் பொருள், நீதிமன்றத்தில் எதிராக எழுந்து நிற்பவனையும் அது குறிக்கும். யோபு என்ற பக்தரைப் பற்றிய வேதாகம நூலின் முதல் அதிகாரத்தில் தேவபுத்திரர் வந்து நிற்கும் அவையில் சாத்தானும் வந்து நிற்கிறான், எங்கேயிருந்து வருகிறாய் என்று கடவுள் கேட்டால் பூமியெங்கும் உலாவி வந்தேன் என்கிறான், அப்புறம் ஒரு கேள்வி கேட்கிறான்: "யோபு விருதாவாகவா தேவனுக்குப் பயந்து நடக்கிறான்?" மேலோட்டமாகப் பார்த்தால் யோபுவின் மேல் சந்தேகம். உள்ளே இருப்பது கடவுளின் மேல் குற்றச்சாட்டு: கொடுத்துக் கொடுத்து வாங்கிய பக்தி இது, சும்மா உம்மை யாரும் நேசிக்க மாட்டார்கள் என்று. ஏதேனில் சர்ப்பம் பேசியதும் இதே ரகம்தான், கடவுள் உங்களிடம் எதையோ மறைக்கிறார் என்றது. இரண்டு இடத்திலும் வாள் இல்லை, சேனை இல்லை.

ஆங்கிலக் கவிஞர் மில்டன் 1667-ல் வெளியிட்ட 'இழந்த சொர்க்கம்' என்ற காவியத்தின் ஆறாம் காண்டத்தில் மூன்று நாள் போரை அவ்வளவு விரிவாகப் பாடுகிறார், சாத்தான் பக்கம் பீரங்கி செய்கிறது, தூதர்கள் மலைகளைப் பிடுங்கி எறிகிறார்கள், ஆனால் ஆயுதத்தால் முடிவு வரவில்லை, தூதர்கள் சாவதுமில்லை. மூன்றாம் நாள் தேவகுமாரன் தனியாகத் தேரில் வந்ததும்தான் எல்லாம் அடங்குகிறது. அட்வென்டிஸ்ட் சபையின் முன்னோடிகளில் ஒருவரான எலன் வைட் 1858-ல் சிறிதாக எழுதி, பின்பு 1888, 1911 பதிப்புகளில் பெரிதாக்கிய நூலின் ஆங்கிலத் தலைப்பான 'தி கிரேட் கான்ட்ரவர்சி'யிலும் போர் என்ற சொல் கிடையாது, பெரும் வழக்கு என்று நாம் சொல்லத்தக்க சொல்தான் இருக்கிறது.

ஆகவே என் பரிந்துரை 'விண்மண் வழக்கு'. வழக்கு என்பதை நான் புதிதாகக் கொண்டுவரவில்லை. மீகா 6:2-ல் "கர்த்தருக்கு அவருடைய ஜனத்தோடே வழக்கு இருக்கிறது" என்று பழைய மொழிபெயர்ப்பிலேயே உண்டு, அங்கே கேட்கும்படி அழைக்கப்படுவது பர்வதங்களும் பூமியின் அஸ்திபாரங்களும். உபாகமம் 30:19-ல் வானமும் பூமியும் சாட்சிகள். காஸ்மிக் என்பதற்கு வேதாகமத்துக்குள்ளேயே கிடைக்கும் சொல் இந்த வானமும் பூமியும்தான். விண், மண் என்று சேர்த்தால் சுருக்கமாகவும் வருகிறது, எதுகையும் அமைகிறது.

பேச்சு வழக்கு, உலக வழக்கு என்று இலக்கணக்காரர்கள் பயன்படுத்துவதோடு குழம்பாதா என்று கேட்பீர்கள். முன்னால் விண்மண் நிற்பதால் குழம்பாது என்பது என் எண்ணம். வழக்காடுதல், எதிர்வழக்கு, வழக்காளி என்று கிளைச்சொற்களும் தாமாக வந்துவிடுகின்றன, பிரபஞ்சப் போரிலிருந்து இவற்றை எடுக்க முடியாது.

வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் அந்த ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் 'விண்போர்' என்று தனியாக வைத்துக்கொள்ளலாம். எபேசியர் 6:12-ல் விசுவாசிக்கு இருப்பதாகச் சொல்லப்படுவதற்குப் 'போராட்டம்' ஏற்கெனவே இருக்கிறது, கிரேக்க மூலத்தில் அது மற்போரைக் குறிக்கும் சொல், அதை அப்படியே விடலாம். மூன்றும் மூன்று வேறு பொருள், சொற்பட்டியலில் மூன்று தனிப் பதிவுகளாக வர வேண்டும். சாத்தானை அலகை என்று எழுதும் கத்தோலிக்க நண்பர்களுக்கு 'விண்மண் வழக்கு' காதில் எப்படி விழுகிறது என்று அவர்களே எழுதினால் நல்லது.