துக்க வீட்டில் பிலிப்பியர் 4:4, உதவி தேவை

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்ற வசனத்தை வைத்து நான் பேச வேண்டும். அப்போஸ்தலன் பவுல் இதைப் பிலிப்பி பட்டணத்து விசுவாசிகளுக்குக் காவலில் இருந்துகொண்டு எழுதினார், முன்பு அதே பிலிப்பி பட்டணத்துச் சிறையில் கால்கள் தொழுமரத்தில் மாட்டியிருக்க நடுராத்திரியில் பாடினார், அதெல்லாம் சொல்லிவிடலாம். சிக்கல் வேறு. கூட்டம் நடக்கிற வீட்டு அக்கா மூன்று மாதம் முன்புதான் கணவரை அடக்கம் செய்தார். அந்த அண்ணனின் செருப்பு இன்னும் வாசலிலேயே கிடக்கிறது. அக்காவின் முகத்தைப் பார்த்து "எப்பொழுதும்" என்று எப்படிச் சொல்வது? லாசருவின் கல்லறைக்குப் போகிற வழியில் இயேசுவே கண்ணீர் விட்டாரே! சிரித்த முகம்தான் சந்தோஷம் என்று நான் நம்பவில்லை. அத்திமரம் துளிர்விடாமற்போனாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்கிற ஆபகூக் 3:17, 18-லிருந்து தொடங்கலாமா? இப்படிப்பட்ட வீட்டில் பேசிய அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்.