'சாங்ஷன்' (sanction) என்ற ஆங்கிலச் சொல்லைப் பார்த்து முகம் வாடிய பிள்ளை

களுதாவளை ரீச்சர்
கடிதத்தில் ஒரே வரி: "யுவர் லீவ் ஹாஸ் பீன் சாங்ஷன்ட்." வாசித்த பிள்ளையின் முகம் அப்படியே வாடிப்போச்சு. அக்காவின் கலியாணத்துக்குக் கேட்ட நாலு நாள் லீவு. செய்தியில் 'சாங்ஷன்' என்றால் பொருளாதாரத் தடைதானே, அப்ப லீவுக்கும் தடை என்று எடுத்துக்கொண்டாள். உண்மையில் லீவு கிடைத்துவிட்டது! அனுமதி, தடை இரண்டுமே அந்தச் சொல்லுக்குள் கிடக்கு. லீவையோ காசையோ திட்டத்தையோ 'சாங்ஷன்' பண்ணினால் அனுமதி. பன்மையில் 'சாங்ஷன்ஸ்' என்று வந்து, பின்னால் 'ஒன்' (on) போட்டு ஒரு நாட்டின் பேர் நின்றால் தடை. கொப்பியில் சொல்லுக்கும் தமிழுக்கும் நடுவில் சமன்குறி போட்டுப் பாடமாக்குவதால்தான் பிள்ளைகள் இப்படி மாட்டுப்படுதுகள்.

ஏறாவூர்
ரீச்சர், ஒவ்வொரு சொல்லுக்கும் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் ஏ.எல். பரீட்சையே முடிஞ்சிடும். லத்தீன் வேரைப் படிப்பிங்க. 'பெனே' நல்லது, 'மலே' கெட்டது. பெனெவொலன்ட் நன்மை நினைப்பவர், மலெவொலன்ட் கேடு நினைப்பவர். கிளினிக் அறிக்கையில் 'பெனைன்' என்று கண்டால் புற்று இல்லாத கட்டி, 'மலிக்னன்ட்' என்றால் புற்று. ரெண்டு வேரில் நாலு சொல்.

கல்லடி
வேரை மட்டும் நம்பாதீங்க சேர். கல்லடிப் பாலத்தில் முன்னால் போன பவுசரின் பின்பக்கம் சிவப்பெழுத்தில் 'இன்ஃப்ளேமபிள்'. மோட்டார் சைக்கிளில் பின்னுக்கு இருந்த ஏ.எல். பொடியன் கேட்கிறான்: "'இன்' என்றால் இல்லை, அப்ப இது தீப்பிடிக்காதுதானே?" பெற்றோல் பவுசரைப் பார்த்து! அந்த 'இன்' மறுப்பு இல்லை, 'உள்ளே' என்ற லத்தீன் முன்னொட்டு. எளிதில் தீப்பிடிக்கும் என்பதுதான் பொருள். 'ஃப்ளேமபிள்' என்றாலும் அதே பொருள்தான், தீப்பிடிக்காததற்கு 'நொன்ஃப்ளேமபிள்'.

ஒலுவில்
நூலகத்தில் ஒரு கொப்பி பார்த்தேன். பக்கம் முழுக்க மஞ்சள் ஹைலைட்டர், வைத்திருந்த பிள்ளைக்கு ஒரு சொல்லும் ஞாபகமில்லை. யாரும் கேட்கவில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். 1972இல் லைட்னர் என்ற ஜெர்மன்காரர் எழுதிய பெட்டி முறையைப் பிடிங்க. பிரிஸ்டல் போர்டை உள்ளங்கை அளவுக்கு வெட்டுங்க. முன்பக்கம் சொல்லைத் தனியே எழுதாமல், அது வரும் இடத்தைக் கோடாக விட்டு முழு வசனத்தையும் எழுதுங்க. பின்பக்கம் சொல், பொருள், கூட வரும் முன்னிடைச்சொல் ('ஒன்' மாதிரி). ஐந்து பெட்டி. முதலாவதை ஒவ்வொரு நாளும் பாருங்க, அடுத்தவை 3, 7, 14, 30 நாளுக்கு ஒருக்கா. சரியாகச் சொன்னால் அடுத்த பெட்டிக்கு, பிழைத்தால் எந்தப் பெட்டியில் இருந்தாலும் முதலாவதுக்கு. நாளுக்கு ஏழு புதுச் சொல் போதும். இருபது போட்டால் இரண்டாம் கிழமையே முதல் பெட்டி நிரம்பி வழியும், பிள்ளை கைவிட்டிடும். வாயால் சொல்லிப் பார்க்காமல் அட்டையைத் திருப்பினால் ஒன்றும் ஏறாது. கம்பஸ் போகிறவர்கள் கொக்ஸ்ஹெட் என்பவர் 2000இல் வெளியிட்ட, உயர்கல்விப் பாடநூல்களில் வரும் ஆங்கிலச் சொற்களின் பட்டியலில் தொடங்கலாம், 570 சொற்குடும்பம்.

களுதாவளை ரீச்சர்
கோடு விட்ட வசனம் நல்ல யோசனை, தம்பி. அப்படியென்றால் 'ஓவர்சைட்'டுக்கு ரெண்டு அட்டை வேணும். 'கமிட்டி'க்கு முன்னால் நின்றால் மேற்பார்வை, 'டியூ டு அன்' என்பதற்குப் பின்னால் வந்தால் கவனப்பிசகு.